யாரும் வாய்விட்டுச் சொல்லாத காதலை அலசுவது எப்படி?

காதலர்கள் ஒரு வார்த்தைகூடப் பேசிக்கொள்ளாத காதல் கதையில் எதை ஆதாரமாக வைத்து எழுதுவது? கொரியச் சிறுகதைகளைப் படிக்கத் தொடங்குகிறவர்கள் முட்டிக்கொண்டு நிற்கும் இடம் பெரும்பாலும் இதுதான். பழகிப் பார்க்கப் பொருத்தமான கதை ஒன்று உண்டு: ஜு யோசொப் எழுதிய 'சராங் அறை விருந்தாளியும் அம்மாவும்'. 1935 நவம்பரில் 'ஜோக்வாங்' இதழில் வந்தது. பாடநூல்கள் வழியாகக் கொரியாவில் பல தலைமுறைகள் படித்த கதை. ஒரே அமர்வில் வாசித்து முடித்துவிடலாம். அலசுவதற்குத்தான் மூன்று நான்கு நாள் பிடிக்கும்.

கதை இவ்வளவுதான். ஓக்கிக்கு ஆறு வயது. அவள் பிறப்பதற்கு ஒரு மாதம் முன்பே அப்பா இறந்துவிட்டார். அம்மாவுக்கு இருபத்துநான்கு வயது. கூடவே பள்ளியில் படிக்கும் தாய்மாமன். அப்பாவின் பழைய நண்பர் ஒருவர் அந்த ஊர்ப் பள்ளிக்கு ஆசிரியராக வருகிறார், சாப்பாட்டுக்குப் பணம் கொடுத்து இவர்கள் வீட்டு வெளியறையில், அதாவது சராங் அறையில், தங்குகிறார். அவருக்கும் அம்மாவுக்கும் இடையே ஏதோ வளர்கிறது. பிறகு அவர் ரயிலேறிப் போய்விடுகிறார். எல்லாவற்றையும் நமக்குச் சொல்வது ஓக்கி.

மூன்று முறை வாசியுங்கள்

முதல் வாசிப்பில் கையில் பென்சில் வேண்டாம். கதை எங்கே உங்களைச் சிரிக்க வைத்தது, எங்கே சிரிப்பு நின்றது என்று மட்டும் முடித்தபின் இரண்டு வரி எழுதி வையுங்கள். அந்த இரண்டு இடங்கள் பின்னால் உதவும்.

இரண்டாம் வாசிப்புதான் உண்மையான வேலை. நோட்டில் கோடு போட்டு, நெடுக்காக மூன்று பத்தி பிரியுங்கள். முதல் பத்தியில் குழந்தை கண்ணால் பார்த்தது அல்லது காதால் கேட்டது. இரண்டாவதில் அதற்கு அவள் சொல்லும் காரணம். மூன்றாவதில் நமக்குப் புரிவது. பன்னிரண்டு முதல் பதினைந்து வரிசை கிடைத்தால் போதும். முப்பது எழுதுகிறவர்கள் கதையைத் திரும்ப எழுதுகிறார்கள் என்று அர்த்தம்.

ஒரு வரிசை எப்படி இருக்கும் என்று பாருங்கள். விருந்தாளி ஓக்கியிடம், கண் அப்பா ஜாடை, மூக்கும் வாயும் அம்மா ஜாடையோ, அம்மாவும் உன்னைப் போலத்தான் அழகாக இருப்பாளோ என்று கேட்கிறார். அம்மாவை நீங்கள் பார்த்ததே இல்லையா, வாருங்கள் உள்ளே போய்ப் பார்க்கலாம் என்று இவள் அவர் சட்டைக் கையைப் பிடித்து இழுக்கிறாள். அவர் பதறிப்போய், இப்போது வேலை இருக்கிறது என்கிறார். ஆனால் அவளை அனுப்பாமல் கூடவே உட்கார வைத்துக்கொண்டு மேலும் மேலும் விசாரிக்கிறார். மாமன் உள்ளே வந்ததும் பேச்சு சட்டென்று நிற்கிறது. முதல் பத்தியில் இவ்வளவும் போகட்டும். இரண்டாவதில், வேலை என்றாரே, ஒரு வேலையும் செய்யவில்லையே என்ற குழந்தையின் வியப்பு. மூன்றாவதில் உங்கள் ஊகம்: அவருக்கு உள்ளறைக்குப் போகும் உரிமை இல்லை, ஆனால் உள்ளறையைப் பற்றிய ஆசை இருக்கிறது, அதைத் தீர்த்துக்கொள்ள அவருக்குக் கிடைத்த ஒரே வழி குழந்தை.

இந்த மூன்றாவது பத்தியை முதல் இரண்டும் நிரம்பாமல் எழுதக் கூடாது. 'அம்மா அவரைக் காதலிக்கிறாள்' என்று நேரே எழுதிவிட்டு ஆதாரம் தேடப் போனால், கதையில் இல்லாததெல்லாம் கண்ணில் படும்.

மூன்றாம் வாசிப்பில் மனிதர்களை விட்டுவிட்டு இடங்களை மட்டும் குறியுங்கள். யார் எந்த அறையில் இருக்கிறார்கள், எது எந்த வாசலைத் தாண்டுகிறது. அதைப் பின்னால் பார்ப்போம்.

கதைசொல்லும் குழந்தை

ஓக்கியை 'கள்ளங்கபடமற்ற குழந்தை' என்று ஒரு வரியில் கட்டிப்போடுவது பரவலான தவறு. அவள் பொய் சொல்கிறாள். அந்தப் பொய்தான் கதையையே நகர்த்துகிறது.

அந்தப் பொய்யைக் கொஞ்சம் கிட்டப்போய்ப் பார்க்கலாம். அம்மாவைச் சீண்டிப் பார்க்க ஒரு நாள் ஓக்கி சுவர் அலமாரிக்குள் ஒளிந்துகொண்டு அங்கேயே தூங்கிவிடுகிறாள். பிள்ளையைக் காணோம் என்று அம்மா தவித்து அழுகிறாள். குற்றவுணர்ச்சியில் மறுநாள் அம்மாவைச் சந்தோஷப்படுத்த நினைத்து, மழலையர் பள்ளியில் ஆசிரியை மேசையில் இருந்த பூக்களை எடுத்து வருகிறாள். எங்கே கிடைத்தது என்று அம்மா கேட்கும்போது திருட்டைச் சொல்ல வெட்கம். சட்டென்று, சராங் அறை மாமா அம்மாவிடம் கொடுக்கச் சொன்னார் என்று விடுகிறாள். அம்மாவின் முகம் அந்தப் பூவைவிடச் சிவந்துபோகிறது, விரல் நடுங்குகிறது. இதை யாரிடமும் சொல்லாதே என்கிறாள். திட்டி வீசி எறிவாள் என்று நாம் எதிர்பார்க்கும் இடத்தில் பூவைக் குவளையில் போட்டு ஆர்கன் மேல் வைக்கிறாள். வாடியதும் காம்பைக் கத்தரித்துவிட்டுப் பூவை மட்டும் கீர்த்தனைப் புத்தகத்துக்குள் வைத்துக்கொள்கிறாள்.

இதில் விருந்தாளி எதுவுமே செய்யவில்லை. அவருக்குப் பூவைப் பற்றித் தெரியவே தெரியாது. அதாவது அம்மாவின் மனம் திறந்துகொள்வது அவர் கொடுத்த பூவால் அன்று; அவர் கொடுத்ததாக அவள் நம்பிய பூவால். கட்டுரையில் 'விருந்தாளி பூ அனுப்புகிறார்' என்று எழுதிவிட்டால் கதையின் அச்சு முறிந்துவிடும். அவசரமாகப் படிக்கிறவர்கள் அடிக்கடி செய்கிற பிழை இது.

ஓக்கியின் இன்னொரு வேலை தூது. நம் தூதுப் பாடல்களில் நாரையையும் மேகத்தையும் தூது விடுகிறவர்களுக்குத் தாம் தூது விடுவது தெரியும். இங்கே தூது போகிற பிள்ளைக்குத் தான் தூது என்பதே தெரியாது. அவள் எடுத்துப்போனவற்றைத் தனியாகப் பட்டியலிடுங்கள்: முட்டை பற்றிய செய்தி, பூ, வெள்ளை உறை, மடித்த கைக்குட்டை, வேகவைத்த முட்டைகள். இந்த வரிசையே கதைப்பின்னலின் எலும்புக்கூடு.

அம்மா

இவளைப் பற்றி எழுதும் முன் ஒரு சின்னக் கணக்குப் போடுங்கள். அக்காலக் கொரிய முறையில் பிறந்தவுடனே குழந்தைக்கு ஒரு வயது. ஆகவே ஓக்கியின் ஆறு வயது நம் கணக்கில் ஐந்தோ அதற்கும் குறைவோதான். அம்மாவுக்கு இப்போது இருபத்துநான்கு என்றால், கணவனை இழந்தபோது ஏறத்தாழப் பத்தொன்பது. மணவாழ்க்கை ஓராண்டுகூட நிறையவில்லை. கணவன் விட்டுப்போன நிலத்து வருமானம் சாப்பாட்டுக்குக் காணும். கூடுதல் செலவுக்கு ஊராருக்குத் துணி தைத்துக் கொடுக்கிறாள். இந்த எண்கள் இல்லாமல் 'பாவம் விதவை' என்று எழுதினால் அது யாருக்கும் பொருந்தும்.

அடுத்து அவள் உடம்பைக் கவனியுங்கள். அவளது மனத்தைக் குழந்தை சொல்ல முடியாது, முகத்தின் நிறத்தைச் சொல்ல முடியும். எனவே நிறங்களுக்கு ஒரு தனித் தாள் வைத்துக்கொள்ளுங்கள். சாப்பாட்டுக் குறுமேசையை எப்போதும் சுமக்கிற தாய்மாமன் ஒரு நாள் எரிச்சலில், அக்கா நீயே எடுத்துப் போயேன், இந்தக் காலத்திலும் ஆண் பெண் என்று ஒளிந்துகொள்வார்களா என்று கேட்கும்போது அவள் முகம் சிவக்கிறது. பூவைக் கண்டு சிவக்கிறது. தேவாலயத்தில், ஆண்கள் பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் விருந்தாளியைப் பார்த்து ஓக்கி கையசைக்கும்போது அவரும் சிவந்து தலைகுனிகிறார், அம்மாவும் சிவந்து பிள்ளையைப் பிடித்து இழுக்கிறாள். கதையின் முன்பாதி முழுக்கச் சிவப்பு. வெள்ளை உறை வந்த இரவிலிருந்து நிறம் மாறுகிறது, முகங்கள் வெளிறத் தொடங்குகின்றன. அம்மாவின் மறுப்பை உள்ளே மடித்து வைத்த கைக்குட்டையை வாங்கும்போது விருந்தாளி முகம் வெளிறுகிறது. கடைசிக் காட்சியில் அம்மா முகம் இரத்தமே இல்லாதது போலாகிறது. இந்த இரண்டு நிறத்தையும் வைத்தே கதையை நடுவில் கோடு போட்டுப் பிரித்துவிடலாம்.

ஒரு எச்சரிக்கை. கொரிய மொழியில் வெளிறிய முகத்தை நீலமாகிப் போனது என்பார்கள். சில மொழிபெயர்ப்புகளில் அது அப்படியே வந்திருக்கும். முகம் நீலம் பாரித்தது என்றால் நமக்கு விஷமும் பாம்புக்கடியும் நினைவுக்கு வரும். அந்த வழியில் போய்விடாதீர்கள்.

உறை வந்த இரவை ஒரு பக்கமாவது எழுதுங்கள். அவ்வளவு சரக்கு இருக்கிறது. போன மாதச் சாப்பாட்டுக் காசு என்று சொல்லி விருந்தாளி ஓக்கியிடம் உறையைக் கொடுத்து அனுப்புகிறார். பணத்தோடு மடித்த காகிதம் ஒன்றும் இருக்கிறது. அதில் என்ன எழுதியிருந்தது என்று கதை சொல்வதில்லை. கடைசிவரை. நள்ளிரவில் விழித்துப் பார்க்கும் குழந்தைக்குத் தெரிவது இது: அம்மா பெட்டியைத் திறந்து இறந்துபோன அப்பாவின் துணிகளை எடுத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள். பிறகு ஜெபம். பரமண்டல ஜெபத்தில் 'எங்களைச் சோதனைக்குட்படப் பண்ணாமல்' என்ற இடத்துக்கு வந்ததும் அம்மா மேலே போக முடியாமல் அதையே திரும்பத் திரும்பச் சொல்கிறாள். எனக்கே மனப்பாடமாக வருவது அம்மாவுக்கு வரவில்லையே என்று ஓக்கிக்கு வேடிக்கையாக இருக்கிறது; மீதியை அவளே சொல்லி முடிக்கிறாள். கடிதத்தில் இருந்தது என்ன என்பதற்கும், அம்மாவின் பதில் எந்தப் பக்கம் சாய்ந்துகொண்டிருந்தது என்பதற்கும் அந்தத் தடுமாற்றத்தைவிட நல்ல சாட்சி வேறில்லை. சோதனை வெளியே இருந்தால் யாரும் அந்த வரியில் தடுக்கி விழ மாட்டார்கள்.

அம்மாவை வெறும் பலியாகக் காட்டாதீர்கள். முடிவெடுப்பது அவள். பதில் எழுதுவது அவள். ஆர்கனைப் பூட்டுவதும் அவள். சமூகம் அவளை அழுத்துகிறது என்பது உண்மை. ஆனால் அந்த அழுத்தம் அவள் கை வழியாகத்தான் செயலாகிறது, கதையின் வலி அங்கேதான் இருக்கிறது.

விருந்தாளி

இவரைப் பற்றிக் கதையில் செய்தி குறைவு. கட்டுரையிலும் குறைவாகவே எழுதுங்கள். கோழை என்று தீர்ப்பு எழுதுகிறவர்கள் உண்டு. அதற்குக் கதையில் போதிய ஆதாரம் இல்லை. அவர் கடிதம் எழுதினார், மறுப்பு வந்தது, கிளம்பினார். மலைப்பக்கம் நடந்துவிட்டு வரும் வழியில் மற்ற பிள்ளைகள், ஓக்கி அப்பாவோடு போய் வருகிறாள் என்று சொல்ல, ஓக்கியும், நீங்கள் என் அப்பாவாக இருந்தால் நன்றாக இருக்கும் என்கிறாள். அப்படியெல்லாம் சொல்லக்கூடாது என்கிறார், குரல் நடுங்குகிறது. அந்த நடுக்கமும், முன்பு பார்த்த 'வேலை இருக்கிறது' பொய்யும் போதும். இறந்தவரின் நண்பர் என்ற உறவை மட்டும் மறந்துவிடாதீர்கள். அவரை இந்த வீட்டுக்குள் கொண்டுவந்ததும் அந்த உறவுதான், உள்ளறை வாசலில் நிறுத்தி வைத்ததும் அதுதான்.

சின்னப் பாத்திரங்களில் தாய்மாமனும் பாட்டியும் முக்கியம். மாமன் புதிய காலத்தின் குரல், மேசை தூக்கச் சோம்பல்பட்டுத்தான் அவன் அதைச் சொல்கிறான் என்றாலும். பாட்டி வரும்போதெல்லாம் அப்பாவின் புகைப்படத்தைக் கண்ணில் படாமல் எடுத்து உள்ளே வை என்கிறாள். இந்த வரியைக் கவனிக்காமல் தாண்டிவிடுகிறார்கள். மகள் பழைய நினைவிலிருந்து வெளியே வரட்டும் என்று அவளைப் பெற்றவளே நினைத்திருக்கலாம். 'குடும்பமே எதிர்த்தது' என்று எழுத இந்தக் கதை இடம் தராது.

வீட்டை வரைந்து பாருங்கள்

களம் பற்றி எழுதச் சொன்னால் 'கொரியாவின் ஒரு சிற்றூர், ஜப்பானிய ஆட்சிக் காலம்' என்று இரண்டு வரியோடு முடித்துவிடுகிறார்கள். இந்தக் கதையில் களம் என்பது இரண்டு அறைகளுக்கு நடுவிலுள்ள தூரம்.

ஒரு தாளில் இரண்டு கட்டம் போடுங்கள். ஒன்று ஆன்பாங், உள்ளறை, பெண்களின் இடம். மற்றது சராங்பாங், வெளிப்பக்க அறை, வீட்டு ஆணும் அவனைத் தேடி வருபவர்களும் புழங்கும் இடம். இந்த வீட்டில் அந்த அறைக்குரிய ஆண் இறந்துவிட்டான். இப்போது அங்கே அவன் நண்பன். 'சராங்' என்ற இந்தச் சொல்லுக்கும் காதலைக் குறிக்கும் கொரியச் சொல்லுக்கும் ஒலியும் எழுத்தும் ஒன்றே, பொருள் வேறு. தலைப்பைக் காதால் கேட்கும் கொரிய வாசகருக்குக் 'காதல் விருந்தாளி' என்றும் விழும். மொழிபெயர்ப்பில் இது காணாமல் போவதால் கட்டுரையில் நீங்கள்தான் சொல்ல வேண்டும்.

இரண்டு அறைகளுக்கு நடுவே இருப்பது 'நேவே' என்னும் வழக்கம். உறவில்லாத ஆணும் பெண்ணும் நேருக்கு நேர் முகம் கொடுப்பதில்லை. இப்போது கோடு தாண்டியவற்றையெல்லாம் அம்புக்குறி போட்டுக் காட்டுங்கள். குழந்தை தினமும் தாண்டுகிறாள். சாப்பாட்டு மேசை தாண்டுகிறது, மாமன் கையில். காகிதம் தாண்டுகிறது, உறைக்குள்ளும் கைக்குட்டைக்குள்ளும். பெரியவர்கள் இருவரும் பேசிக்கொள்ளும் உரையாடலைத் தேடுங்கள். அந்தப் பகுதி வெறுமையாகவே நிற்கும்.

இன்னொன்றும் தாண்டுகிறது, யார் கையும் இல்லாமல். ஒலி. பூ வந்த அன்று இரவு ஓக்கி சராங் அறையில் விருந்தாளியின் மடியில் உட்கார்ந்து படப்புத்தகம் பார்த்துக்கொண்டிருக்கிறாள். அவர் உடல் சட்டென்று அசைந்து காதைத் தீட்டிக்கொள்வது அவளுக்குத் தெரிகிறது. உள்ளறைப் பக்கமிருந்து ஆர்கன் ஒலி. அப்பா வாங்கித் தந்த, அவர் இறந்தபின் அம்மா தொடாத ஆர்கன். ஓடிப்போய்ப் பார்த்தால் விளக்கு ஏற்றவில்லை, முழுநிலவு வெளிச்சம் அறையில் பாதிவரை நிறைந்திருக்கிறது, வெள்ளை உடையில் அம்மா. அவள் கன்னத்தில் கண்ணீர். தனக்குப் பூ தந்ததாக அவள் நம்பும் மனிதனுக்கு அவள் தரும் பதில் இது என்று வாசிக்கலாம்; இறந்த கணவனிடம் கேட்கும் மன்னிப்பு என்றும் வாசிக்கலாம். ஒன்றைத் தேர்ந்து மற்றதை அழிக்காதீர்கள். இந்தக் காட்சி இரண்டையும் சேர்த்தே தாங்கி நிற்கிறது.

நம்மிடம் கையிலேயே இருக்கும் ஒரு கருவியும் இங்கே பயன்படும்: முதல், கரு, உரி. நிலமும் பொழுதும் ஒரு பத்தி, அந்த இடத்துப் பொருள்கள் ஒரு பத்தி, அவற்றோடு ஒட்டிய உணர்வு ஒரு பத்தி. ஆர்கன் காட்சிக்குப் போட்டால்: உள்ளறை, பௌர்ணமி இரவு, ஆர்கன், வெள்ளாடை, குவளையில் பூ, அடக்கி வைத்திருந்தது கசிந்துவிடுதல். இதைக் காட்சி பிரிக்க மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். முல்லை, நெய்தல் என்று பெயர் சூட்டப் போனால் கொரிய வீடு மறைந்து தொல்காப்பியம் மட்டும் மிஞ்சும்.

காலத்தைச் சரியாகச் சொல்லுங்கள்

'கன்பூசியப் பண்பாடு தடுத்தது' என்ற ஒரு சொற்றொடரில் எல்லாவற்றையும் மூட்டை கட்டிவிடாதீர்கள். பழைய கொரியாவை ஆண்ட ஜோசோன் அரசின் 1485ஆம் ஆண்டுச் சட்டத்தொகுப்பு, மறுமணம் செய்த பெண்ணின் மகன்களுக்கு அரசுத் தேர்வு வாசலை அடைத்தது. தண்டனை பெண்ணுக்கு நேரடியாக இல்லை, அவள் பிள்ளைக்கு. 1894ஆம் ஆண்டுக் காபோ சீர்திருத்தம் கைம்பெண் மறுமணத்தைச் சட்டப்படி அனுமதித்தது. கதை வெளிவந்தது அதற்கு நாற்பத்தோரு ஆண்டு கழித்து. ஆக, அம்மாவைத் தடுப்பது சட்டம் இல்லை.

எது தடுக்கிறது என்பதை அவளே மகளிடம் சொல்கிறாள்: உனக்குப் புது அப்பா வந்தால் உலகம் ஏசும், உன்னைத்தான் விரல் நீட்டிச் சுட்டும் என்று. பழைய சட்டத்தையும் இந்தப் பேச்சையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். சட்டம் போய்விட்டது, தாயின் மறுமணத்துக்குப் பிள்ளை விலை கொடுக்க வேண்டும் என்ற கணக்கு மட்டும் ஊர் வாயில் உயிரோடு இருக்கிறது. ஊரும் தேவாலயமும் கதையில் பெரிதாகத் தலைகாட்டாமலேயே அவள் முடிவில் உட்கார்ந்திருப்பது இப்படித்தான்.

தேவாலயம் என்றால் புதிய காலம், மழலையர் பள்ளி என்றால் புதிய காலம், ரயில் நிலையமும் அப்படியே. ஜு யோசொப் பிறந்த பியோங்யாங் பகுதி அக்காலத்துச் சீர்திருத்தக் கிறிஸ்தவத்தின் பெரிய மையம். ஆனால் அந்தப் புதிய கட்டடத்துக்குள்ளும் ஆண் ஒரு பக்கம், பெண் ஒரு பக்கம். வீட்டுக்குள் இருந்த கோடு அங்கேயும் நீள்கிறது.

முட்டை

பொருள்களுக்குக் குறியீட்டு அகராதியில் அர்த்தம் தேடாதீர்கள். முட்டை என்றால் கருவளம், புதுவாழ்வு என்று எழுதி மதிப்பெண் எதிர்பார்ப்பவர்கள் நிறைய. இந்தக் கதையில் முட்டையின் அர்த்தம் அது வாங்கப்படும் எண்ணிக்கையில் இருக்கிறது. விருந்தாளிக்கு வேகவைத்த முட்டை பிடிக்கும் என்று ஓக்கி உள்ளே வந்து கத்துகிறாள். அம்மா அவளை அடக்குகிறாள். அதன்பிறகு முட்டைக்காரக் கிழவி வரும்போதெல்லாம் பத்தும் இருபதுமாக வாங்குகிறாள். ஓக்கிக்குக் கொண்டாட்டம்.

அவர் கிளம்பும் நாளில் வீட்டில் மிச்சமிருந்த ஆறு முட்டையையும் அம்மா வேகவைக்கிறாள். கைக்குட்டையில் கட்டி, காகிதத்தில் கொஞ்சம் உப்பு மடித்து உள்ளே வைத்து, ரயிலில் சாப்பிடச் சொல் என்று பிள்ளையிடம் கொடுத்து அனுப்புகிறாள். சில நாள் முன்னால் மறுப்பைக் கொண்டுபோனதும் ஒரு கைக்குட்டைதான், அதற்குள்ளும் மடித்த காகிதம்தான். தூக்கிப்போன ஓக்கியின் கைக்கு அது சரசரத்தது. அதே துணி மடிப்பில், அதே காகித மடிப்பில் இப்போது உப்பு. இந்த இணையைப் பிடித்தவர்கள் வேறு குறியீடு தேட வேண்டியதில்லை.

பிறகு அம்மா ஓக்கியோடு வீட்டுக்குப் பின்னாலுள்ள குன்றில் ஏறி ரயில் மறையும்வரை பார்க்கிறாள். திரும்பி வந்து ஆர்கனைப் பூட்டி, முன்போலத் தையல் கூடையை அதன்மேல் வைக்கிறாள். புத்தகத்துக்குள் இருந்த காய்ந்த பூவை எறியச் சொல்கிறாள். முட்டைக்காரி வரும்போது, இனி வேண்டாம், சாப்பிட ஆள் இல்லை என்கிறாள்.

உறவுச் சொல் எனும் பொறி

தமிழில் எழுதும்போது ஒரு தனிச் சிக்கல். ஓக்கி விருந்தாளியை 'ஆஜொஷி' என்கிறாள்; உறவில்லாத நடுவயது ஆணையும் அப்படி அழைக்கலாம். தமிழில் 'மாமா' என்றால் கதையில் ஏற்கெனவே இருக்கும் தாய்மாமனோடு குழம்பும். அவரை அம்மாவின் உடன்பிறந்தவர் வரிசையிலும் நிறுத்திவிடும். 'சித்தப்பா' இன்னும் ஆபத்து: அந்தச் சொல் அவரைப் பாதி அப்பாவாக்கி, கதை முழுக்க அடக்கி வைத்ததை முதல் பக்கத்திலேயே போட்டு உடைக்கும். 'சராங் அறை மாமா' என்று இடத்தையும் சேர்த்து எழுதுவது ஓரளவு பாதுகாப்பு. குழந்தையும் அப்படித்தான் அவரை அறையோடு சேர்த்துச் சொல்கிறாள்.

1961இல் ஷின் சாங்ஓக் இயக்கிய படத்தைப் பார்த்துவிட்டு எழுதுகிறவர்கள் கூடுதல் கவனமாக இருங்கள். படத்தில் வேலைக்காரிக்கும் முட்டை விற்பவனுக்கும் ஒரு கலகலப்பான காதல் உண்டு. கதையில் முட்டை விற்பது ஒரு கிழவி. படத்தின் காட்சியைக் கதைக்கு ஆதாரமாகக் காட்டினால் கட்டுரை அங்கேயே படுத்துவிடும்.

பத்தி கட்டும் முறை

ஒரு பத்திக்கு ஒரு கூற்று, இரண்டு ஆதாரம், ஒரு விளக்கம். நூறு சொல் போதும். மாதிரிக்கு ஒன்று:

'அம்மாவின் மறுப்பு அன்பின்மையால் வந்ததன்று. மறுப்புக் கடிதம் போன அதே வழியில், கைக்குட்டையில் கட்டி, ஆறு முட்டைகளை அவள் அனுப்புகிறாள். அவர் ரசனையை மகள் வாயால் அறிந்தவள் அவள். வீட்டில் இருந்த அத்தனையையும் அனுப்புவது அந்த அறிதலின் கடைசிச் செயல். சாப்பிட ஆள் இல்லை என்று முட்டைக்காரியைத் திருப்பும்போது, முட்டையை உயிராய் நினைக்கும் மகள் பக்கத்திலேயே நிற்கிறாள். அவள் யாருக்காக வாங்கினாள் என்பதை அந்த ஒரு வாக்கியம் காட்டிக்கொடுத்துவிடுகிறது.'

இதில் 'காதல்' என்ற சொல் வரவில்லை என்பதைக் கவனியுங்கள். முதல் வரைவை முடித்ததும் அந்தச் சொல்லை எத்தனை முறை எழுதியிருக்கிறீர்கள் என்று எண்ணுங்கள். ஐந்துக்கு மேல் போனால், ஒவ்வொரு இடத்திலும் அதை எடுத்துவிட்டு அங்கே ஒரு செயலையோ பொருளையோ வைத்துப் பாருங்கள்.

முடிவுப் பத்திக்கு அம்மாவைவிட ஓக்கிதான் பொருத்தம். எனக்கு முட்டை பிடிக்கும் என்று தெரிந்தும் அம்மா பொய் சொல்கிறாளே என்று அவளுக்குப் படுகிறது. அடம் பிடிக்கலாம் என்று தோன்றுகிறது. அம்மாவின் வெளிறிய முகத்தைப் பார்க்கிறாள், வாயை மூடிக்கொள்கிறாள். விருந்தாளி தந்துவிட்டுப் போன பொம்மையின் காதில் மட்டும், அம்மாவுக்கு எங்கேயோ உடம்பு சரியில்லை போல என்று கிசுகிசுக்கிறாள். காரணத்தை அவள் இப்போதும் தப்பாகத்தான் சொல்கிறாள். ஆனால் கதை முழுக்க நினைத்ததையெல்லாம் கத்திச் சொன்ன பிள்ளை, முதல்முறையாக ஒன்றைச் சொல்லாமல் விடுகிறாள். உங்கள் மூன்று பத்தி நோட்டில் கடைசி வரிசை அதுவாக இருக்கட்டும்.